ஸோன் வால்வு: நாலு ஒயரில் இருக்கிறது சூட்சுமம்

வெந்நீர்க் குழாயால் வீட்டைச் சூடேற்றும் அமைப்பில், எந்தப் பகுதிக்கு எப்போது நீர் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மோட்டார் வைத்த ஸோன் வால்வு. 24 வோல்ட் ஏ.சி.யில் ஓடும் வகையில் பெரும்பாலும் நாலு ஒயர். இரண்டு மோட்டாருக்கு, தெர்மோஸ்டாட் (அறைச் சூட்டைப் பார்த்து இயக்கும் சுவிட்ச்) வழியாக மின்சாரம் வரும். மற்ற இரண்டு உள்ளே இருக்கும் எண்ட் சுவிட்சுக்கு. வால்வு திறந்த பிறகுதான் இந்தச் சுவிட்ச் மூடி, பாய்லரையும் பம்பையும் கிளப்பும். இரண்டு ஜோடியையும் மாற்றிக் கொடுத்தால் தெர்மோஸ்டாட்டோ டிரான்ஸ்பார்மரோ புகைந்துவிடக்கூடும். நிறத்தை நம்பாமல் வரைபடத்தைப் பாருங்கள்.

ஒரு வால்வு சுமார் 7 முதல் 8 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், மின்சுமையின் அளவு) இழுக்கும் என்றால், 40 வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் நாலோடு நிறுத்துவது நல்லது. ஐந்தாவது கணக்கில் மட்டும்தான் அடங்கும்.

பொருத்தும்போது வால்விலுள்ள அம்புக்குறி நீரோட்டத் திசையில் இருக்கட்டும். மோட்டார் தலை குழாய்க்குக் கீழே தொங்கக்கூடாது; கசிவு நேரே அதில்தான் இறங்கும். குழாயோடு பற்றவைக்கும்முன் தலையைக் கழற்றி, வால்வின் உடம்பில் ஈரத்துணி சுற்றுங்கள். உள்ளே ரப்பர்.

வால்விலுள்ள கைநெம்புகோல் நீர் நிரப்பவும் காற்றை வெளியேற்றவும் மட்டுமே.

தெர்மோஸ்டாட் கேட்காமலே அறை சூடானால் வால்வு முழுதாக மூடவில்லை; பெரும்பாலும் ரப்பரில் சிக்கிய துரு. யாரும் கேட்காமல் பாய்லர் எரிந்தால் எண்ட் சுவிட்ச் ஒட்டியிருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, எண்ட் சுவிட்ச் ஒயர்களை வால்வு வால்வாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றி மின்சாரத்தை மறுபடி கொடுத்தால் பாய்லர் எரியவில்லையோ அதுதான் குற்றவாளி.