ஒளியை ஒலி முந்திய மெய்ப்பு

நாவல், கட்டுரை நூல்களிலிருந்து அறிவியல் புனைகதைப் பதிப்புக்கு எடிட்டராக மாறுகிறவர்களுக்கு இது உதவும். புது வேலையில் முதல் பிரதியிலேயே ஒரு மெய்ப்புச் சுற்று (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் ப்ரூஃப் சுற்று) முழுவதும் வீணானது. அதுவும் டிசம்பரில். ஜனவரி புத்தகக் காட்சிக்காகத் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகங்களில் வரிசை நீளும் நேரம் அது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வந்தது. யூனிகோட் மாற்றியில் ஒட்டி எடுத்ததும் மேலெழுத்துகள் (சூப்பர்ஸ்கிரிப்ட்) எல்லாம் தரையிறங்கிவிட்டன. ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 10⁸ மீட்டர். மெய்ப்பில் இருந்தது 3 × 108. பெருக்கினால் 324 மீட்டர். காற்றில் ஒலியே நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது! எழுத்துப்பிழை தேடுகிற கண்ணுக்கு இது தட்டுப்படவே படாது.

மாற்றுவதற்கு முன்பே வேர்டின் ஃபைண்ட்-ரீப்ளேஸில் சூப்பர்ஸ்கிரிப்டை மட்டும் தேடி, ஒவ்வொன்றின் இருபுறமும் ஓர் அடையாளம் வையுங்கள். ஹேஷ், டாலர், சதவீதக் குறி வேண்டாம். பாமினியில் அந்த இடங்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. இலக்கங்கள் மாறாமல் வரும். அதனால் 7070 மாதிரி, பிரதியில் வேறெங்கும் வராத எண்ணே பாதுகாப்பு. மாற்றிய பிறகு அந்த எண்ணைத் தேடி, நடுவில் இருப்பதை மேலேற்றிவிட்டு அடையாளத்தை நீக்கிவிடலாம். ஆங்கில எழுத்தில் உள்ள வேதியியல் வாய்பாடுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவையும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போட்டால் கொம்பும் காலும் ஒழுங்காக நிற்கும். அங்கே வேறு தொல்லை இல்லை.

அடுத்த அடி மில்லியன். பூமிக்கும் செவ்வாய்க்கும் சராசரித் தொலைவு 225 மில்லியன் கி.மீ., அதாவது 22.5 கோடி. மொழிபெயர்ப்பில் '225 லட்சம்' என்று இருந்தது. அந்தத் தொலைவுக்கு ஒளி 75 நொடியில் போய்விடும். உண்மையில் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். பதிலுக்காக இருபத்தைந்து நிமிடம் தவித்துக் காத்திருக்கும் காட்சிக்கு அப்புறம் அர்த்தமே இல்லை. இந்தத் துறையில் கதையைத் தாங்குவதே எண்தான். நடையைத் திருத்த உட்காரும் முன் எண்களை மட்டும் ஒரு தாளில் பக்க எண்ணோடு எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். முந்நூறு பக்க நாவலுக்கு ஒரு முழு நாள் போகும். போகட்டும்.

அதே தாளின் பின்பக்கம் கலைச்சொற்களுக்கு. ஒரே கலம் முதல் அத்தியாயத்தில் விண்கலம், மூன்றாவதில் விண்ணோடம், ஏழாவதில் விண்கப்பல் என்று வந்தால், மூன்று கலங்கள் பறப்பதாகத்தான் வாசகர் நினைப்பார்.

உரிமை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சு அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் இறந்தது 1905-இல். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டினால் போதும் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தமிழாக்கம் பிரெஞ்சிலிருந்து வந்ததா, புதிய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வந்ததா என்று முதல் நாளே கேளுங்கள். ஆங்கிலத்திலிருந்து என்றால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கும் தனி உரிமை உண்டு. அவரிடமோ அவருடைய பதிப்பகத்திடமோ அனுமதி வாங்கியாக வேண்டும். முடிந்த தமிழாக்கம் ஒன்று இந்தக் காரணத்தால் இப்போது அலமாரியில் கிடக்கிறது.

அந்த டிசம்பர் நூல் எப்படியோ தப்பியது. இரண்டாம் மெய்ப்பில் பத்தின் அடுக்குகள் அத்தனையும் மேலேறி நின்றதைப் பார்த்த பிறகே அச்சு பிளேட்டுக்கு அனுப்பினோம்.