விடெக் வராத சிட்டி: பழைய வண்டியோடு மூன்று வருடம்

வண்டி வாங்கிய அன்றே நாற்பது பக்க ரூல்டு நோட்டு ஒன்றும் வாங்கினேன். என்ன மாற்றினோம், எவ்வளவு ஆனது, எத்தனை கிலோமீட்டரில் என்று ஒரு வரி விடாமல் எழுதிவிட வேண்டும் என்பது திட்டம். நாற்பது பக்கம் ஐந்து வருடத்துக்கு வரும் என்று நினைத்தேன். இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். 1998-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை சிட்டி இது. 2003-ல் அடுத்த தலைமுறை வந்ததும் கடையை விட்டுப் போய்விட்டது. 1,493 சிசி, 106 குதிரைத்திறன், எடை ஒரு டன்னை ஒட்டி. காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. ஆனால் கல்லூரி நாட்களில் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் இந்த வண்டி நேர்கோட்டில் கத்திக்கொண்டு போன சத்தம் காதிலேயே தங்கிவிட்டது. 2023 பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் 1,40,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். அதை விற்றவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆர்.சி. 2027 வரை புதுப்பித்திருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

வந்த முதல் வாரத்திலேயே ஒன்று உறுத்தியது. இந்த இன்ஜினின் விசேஷமே விடெக், அதாவது ஆர்.பி.எம். முள் ஐயாயிரத்தை நெருங்கும்போது குணம் மாறுவதுதான். தாழ்ந்த வேகத்தில் சின்ன கேம் (சுழலும் தண்டில் இருக்கும் மேடு) வால்வைத் திறக்கும். வேகம் ஏறினால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர் ஆர்ம்களை ஒரு பின் பூட்டிவிடும், அப்புறம் உயரமான கேம் வேலையை எடுத்துக்கொள்ளும். அந்தப் பின்னைத் தள்ளுவது இன்ஜின் ஆயிலின் அழுத்தம். என் வண்டியில் முள் ஏறியது, சத்தம் ஏறியது, குணம் மட்டும் மாறவே இல்லை. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று மச்சான் சொன்னான். அவனுக்கு எல்லா வியாதிக்கும் அதே காரணம்தான்.

சரி, அதை அப்போதைக்கு விட்டேன். முதலில் டைமிங் பெல்ட், பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் வைத்த பட்டை.

"போன வருஷம்தான் சார் மாத்தினேன்" என்றார் விற்றவர். பில் இல்லை. பில் இல்லாவிட்டால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கி 9,800 ரூபாய்க்குக் கிடைத்தன. கூலி 4,000.

வேலை நடந்த அன்று முழு நாளும் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். அதில் அரை நாளை ஒரே ஒரு போல்ட் தின்றது. இன்ஜின் தண்டின் நுனியில் இருக்கும் சக்கரமான கிராங்க் புல்லியின் நடு போல்ட். மற்ற வண்டிகளில் இந்த போல்ட் அசையாவிட்டால் பானாவை பாடியில் முட்டுக்கொடுத்து, ஒரு தடவை செல்ஃப் அடித்தால் இன்ஜினே கழற்றிக் கொடுத்துவிடும். இந்தக் காலத்து ஹோண்டா இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றும். செல்ஃப் அடித்தால் போல்ட் இன்னும் இறுகும். உதவிக்கு இருந்த பையன் அதைத்தான் செய்யப் போனான், மேஸ்திரி போட்ட சத்தத்தில் பானா கைநழுவிக் கீழே விழுந்தது. ஐந்தடி பைப்பைச் சொருகி இரண்டு பேர் தொங்கினார்கள், அசையவில்லை. கடைசியில் பக்கத்து லாரி பஞ்சர் கடையிலிருந்து காற்று கன் வந்தது, நாலே நொடியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. டீக்காசு ஐம்பது ரூபாய், அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

கழற்றிய பெல்ட்டைத் திருப்பி மடக்கிப் பார்த்தேன், பல்லின் அடியில் வரிசையாக வெடிப்பு. போன வருடம் மாற்றியதாம்!

ஏப்ரல் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிரப்பி, சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரரின் ஹாரன் வேறு. தள்ளி ஓரம் கட்டி, டோ வண்டி வரவழைத்து (1,800 ரூபாய்), பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள், 4,500. மாலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. பத்து நாள் கழித்து, அதே மாதிரி உச்சி வெயிலில், அதே மாதிரி நின்றது.

இந்தத் தடவை நான் பதறவில்லை. நான்கு கதவையும் திறந்துவைத்து வேப்பமர நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஸ்டார்ட் ஆனது. அப்போதுதான் உறைத்தது. சூட்டில் சாவியை ஆனில் வைக்கும்போது, டேங்க் பக்கம் வழக்கமாக இரண்டு நொடி கேட்கும் 'ம்ம்' என்ற பம்ப் ஓசை வரவில்லை. பம்ப் புதுசு. ஆக, அதற்குக் கரண்ட் போகவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில், பம்ப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் மெயின் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அந்தக் காலத்து ஹோண்டா வண்டி வைத்திருந்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதன் கதையைச் சொல்வார்கள். இருபது வருட வெயிலில் உள்ளே இருக்கும் ஈயப்பற்றில் முடி அளவு விரிசல் விழும். சூடானால் விரிசல் அகன்று தொடர்பு அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பெட்டியைக் கழற்றி எங்கள் தெரு டிவி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்து, "இதோ பாருங்க சார், வட்டமா கிழிஞ்சிருக்கு" என்று காட்டிவிட்டு, ஏழெட்டு இடத்தில் புது ஈயம் வைத்தார். நூறு ரூபாய். அதற்கப்புறம் மூன்று சித்திரை போய்விட்டது, வண்டி ஒரு தடவைகூட அப்படி நிற்கவில்லை. 6,300 ரூபாய் வீண் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

சஸ்பென்ஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், நாலு ஷாக் அப்சார்பர் என்று மொத்தமாக 26,500. இன்ஜின் மவுண்ட் மூன்று, 7,200. கிளட்ச் 9,600. பிரேக் டிஸ்க்கும் பேடும் 5,200. ஏசி கூலிங் காயிலில் லீக், டாஷ்போர்டையே கழற்றினார்கள், 11,300. எல்லாம் வயதான ரப்பரும் தேய்ந்த இரும்பும்தான், எந்தப் பழைய வண்டியிலும் வருவது. தாழ்ந்த வண்டி என்பதால் எங்கள் ஏரியா வேகத்தடைகள் சைலன்ஸரை அவ்வப்போது பதம் பார்க்கும். அதற்கு வெல்டிங் கடையில் எனக்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள்.

பிளக்குகளுக்குத் தீப்பொறிக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் தனிக்கதை. உள்ளே பேரிங் கரகரத்தது. புதுசு எங்கேயும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். மூன்றாவது கடையில் பாய் ஒருவர் சாக்கிலிருந்து நான்கை எடுத்துக் கொட்டினார். "ஆடுது பாரு தம்பி, இது வேணாம்" என்று அவரே இரண்டை ஒதுக்கினார். மிச்ச இரண்டில் ஒன்று 3,500. ஐயாயிரத்தில் ஆரம்பித்த பேரம் அது. அந்த மாதிரி ஆட்டிப் பார்த்துக் கொடுக்கிறவர் கிடைத்தால் விலாசத்தை மறக்கக் கூடாது.

இனி விடெக். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள் வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் அழுத்தியபோது செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. இந்த வயது வண்டிக்கு ஸ்கேனர் தேவையில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு பின் சாக்கெட்டை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு விளக்கு சிமிட்டுவதை எண்ணினால் போதும். நீளமாக இரண்டு, குட்டையாக இரண்டு. 22. விடெக் ஆயில் அழுத்தம் சரியில்லை என்று பொருள்.

இன்ஜினின் பின்பக்கம், கரண்டில் திறந்து ஆயிலை விடும் விடெக் சோலினாய்டு இருக்கும். அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்க ஒரு கேஸ்கெட், அதிலேயே சல்லடை மாதிரி சின்ன வலை ஒன்று. கழற்றினோம். யாரோ, எப்போதோ, அங்கே ஆயில் கசிந்ததைப் பார்த்திருக்கிறார். புது கேஸ்கெட் வாங்கச் சோம்பல். பழையதன் மேலேயே சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி இறுக்கியிருக்கிறார். கசிவு நின்றது, வாஸ்தவம். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து வலையின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டிருந்தது. ஆயில் போக வழியில்லை, பின் பூட்டவில்லை, 106 குதிரையில் பாதி லாயத்திலேயே நின்றன. கேஸ்கெட் 650 ரூபாய். அதே கையோடு டேப்பட் கவர் கேஸ்கெட், பிளக் குழி சீல்கள், 1,900. அங்கேயும் அதே பேஸ்ட்தான், ஒரு மணி நேரம் சுரண்டினோம். கவர் திறந்திருந்ததால் டேப்பட்டும் (வால்வு இடைவெளி) செட் செய்தார் மேஸ்திரி, ஆறின இன்ஜினில் இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மில்லிமீட்டர்.

மறுநாள் காலை ஆபீஸ் போகும் வழியில், வானகரம் பக்கம் காலி ரோட்டில், இரண்டாவது கியரில் மிதித்தேன். ஐயாயிரம் நெருங்கியதும் இன்ஜினின் குரல் தடித்தது. முதுகு சீட்டில் ஒட்டியது. வண்டிக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் பைக்கில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

அத்தோடு முடிந்தது என்று எண்ணினால் இல்லை. அந்த மாதமே ராத்திரி திண்டிவனம் போய்த் திரும்பினேன். நல்ல மழை. காலி ஹைவே. மிதித்தால் மறுபடியும் ஒன்றுமில்லை! விளக்கும் எரியவில்லை. செங்கல்பட்டு டோலில் க்யூவில் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினேன், உடனே விடெக் வந்தது. இருபது நிமிடம் ஓடியதும் காணாமல் போனது. பகலில் ஊருக்குள் வருகிறது, இரவில் ஹைவேயில் வருவதில்லை. மச்சானிடம் சொன்னேன், எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னான்.

காரணம் மீட்டரிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. டெம்பரேச்சர் முள் ஹைவேயில் கால்வாசிக்கும் கீழே கிடந்தது. டிராஃபிக்கில் நின்றால் ஏறியது. கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சுமார் 60 டிகிரி தாண்டாமல் இன்ஜின் கம்ப்யூட்டர் விடெக்கை விடாது. குளிர்ந்த இன்ஜினைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஆனால் சென்னை வண்டி எப்படி 60 டிகிரிக்குக் கீழே ஓடும்?

"தெர்மோஸ்டாட் இருக்கா பாருங்கண்ணே" என்றேன். மேஸ்திரி ஹவுசிங்கைத் திறந்தார். காலி. இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைத்து, சுமார் 78 டிகிரியில் திறக்க ஆரம்பிக்க வேண்டிய வால்வு அங்கே இல்லவே இல்லை. "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்குன்னு புடுங்கிப் போட்டுருப்பாங்க தம்பி. நானே அந்தக் காலத்துல பத்துப் பதினஞ்சு வண்டிக்குப் புடுங்கியிருக்கேன்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். வண்டி சூடாகிறது என்று யாராவது வந்தால் அந்த வால்வைக் கழற்றி எறிவது இங்கே ஒரு கைவைத்தியம். உண்மையில் இந்த வண்டி சூடானதற்குக் காரணம் ரேடியேட்டர். அதன் பிளாஸ்டிக் மேல்தொட்டியில் மயிரிழை விரிசல் இருந்ததை அதே நாளில் கண்டுபிடித்தோம். ரேடியேட்டரும் ஹோஸ்களும் 7,400, தெர்மோஸ்டாட் 900.

போட்ட அன்று ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) ஆயிரத்துக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் நடுவே ஊஞ்சலாடியது. புதுக் கோளாறு என்று பயந்தேன், உள்ளே காற்று அடைத்திருந்ததுதான். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் அடங்கியது. ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பதரை கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது பதினொன்றரை கொடுக்கிறது. குளிர்ந்த இன்ஜின் என்று எண்ணிக் கம்ப்யூட்டர் இத்தனை நாளும் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

2025 டிசம்பர் வரை நோட்டைக் கூட்டினேன். ஆயில் சர்வீஸ், வெல்டிங், டீக்காசு எல்லாம் சேர்த்து 1,18,650. வாங்கிய விலையை இன்னும் தொடவில்லை என்று வீட்டில் சொன்னேன். "2027-ல் தொட்டுடும், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தது. அதுவும் சரிதான், அந்த வருடம் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022-ல் பதினைந்து வருடம் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாயிரம் என்று ஆக்கினார்கள். 2025-ல் இருபது வருடம் தாண்டியவற்றுக்குப் பத்தாயிரம். 2027-ல் என் வண்டிக்கு இருபத்தைந்து வயது.

இப்போது பார்க்கிங்கில் தினமும் ராத்திரி ஒரு அட்டையை இன்ஜினுக்கு அடியில் வைக்கிறேன். முன்பு காலையில் அது உலகப்படம் மாதிரி இருக்கும். போன வாரத்திலிருந்து ஒரே ஒரு சொட்டு, ஸ்டியரிங் ராக் பக்கம். தொட்டுப் பார்த்தேன், சிவப்பாக இருக்கிறது. இந்த வண்டியின் பவர் ஸ்டியரிங்குக்கு ஹோண்டாவின் தனி ஆயில்தான் ஊற்ற வேண்டும், அது சிவப்பில்லை. யாரோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள்.