ஒரே பில், ரெண்டு என்ட்ரி

எங்கள் வீட்டு லேப்டாப்பில் சி டிரைவ் மொத்தமே 119 ஜிபி. போன மாதம் இடம் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் பட்டை சிவப்பாகிவிட்டது. காரணம், போனில் உள்ள படங்களையெல்லாம் இழுத்துவரும் ஒரு மென்பொருள். நல்ல பிள்ளைதான், ஆனால் சி டிரைவில் தனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டு அங்கேதான் கொட்டும். இடத்தை மாற்றிக்கொள்ள ஒரு செட்டிங்கும் இல்லை. பக்கத்திலேயே டி டிரைவ் கல்யாண மண்டபம் மாதிரி காலியாகக் கிடக்கிறது.

ஷார்ட்கட் போட்டால் ஆகாது. அது பூட்டிய கதவில் 'அடுத்த தெருவுக்கு வரவும்' என்று ஒட்டிய சீட்டு. மனுஷன் படிப்பான், மென்பொருள் படிக்காது. எனக்கு வேண்டியது ஜங்ஷன். சி-யில் ஃபோல்டர் மாதிரி ஒரு கதவு மட்டும் இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் டி-யில். பழைய வீட்டுக் கதவைத் திறந்தால் நேராகப் புது வீட்டுக் கூடத்தில் கால் வைக்கிற வித்தை. புது வீட்டை அது கண்டுபிடிப்பது பெயரை வைத்துத்தான். விண்டோஸே இதைச் செய்கிறது. சி டிரைவில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று ஒன்று மறைந்து கிடக்கும், திறந்தால் அனுமதி இல்லை என்று முறைக்கும். விண்டோஸ் விஸ்டா வந்த காலத்திலிருந்து அது வெறும் கதவு, வீடு 'யூசர்ஸ்' ஃபோல்டரில்.

சரி என்று, ஜங்ஷன் போடும் 'எம்கேலிங்க்' கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது. அரை மணி நேரம் எழுத்துப்பிழை தேடிய பிறகுதான் உறைத்தது, நான் உட்கார்ந்திருந்தது பவர்ஷெல்லில், விண்டோஸில் கட்டளை அடிக்கும் புது ஜன்னல். எம்கேலிங்க் என்பது பழைய ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டுக்கு மட்டுமே தெரிந்த கட்டளை. அங்கே போனால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றது. நியாயம்தான், பழைய வீட்டை இடிக்காமல் அதே மனையில் கதவு எப்படி வைப்பது? படங்களை டி-க்கு நகர்த்தி, பழைய ஃபோல்டரை நீக்கி, மறுபடி அடித்தேன். கட்டளையில் முதலில் கதவின் பெயர், அப்புறம் வீட்டின் பெயர். லினக்ஸில் இது தலைகீழ், அந்தப் பழக்கத்தில் ஒரு தடவை மாற்றியும் அடித்தேன், அதை விடுங்கள். கடைசியில் வேலை முடிந்தது, சிவப்புப் பட்டை நீலமானது.

நான் செய்த தப்பு, அப்பாவிடம் சொல்லாதது.

அப்பா கூட்டுறவுச் சங்கங்களில் 31 வருஷம் தணிக்கை பார்த்தவர். மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தில் ஒரு வெற்றி.

"டேய், ஒரே பில்லை ரெண்டு தடவை ஏத்தி வச்சிருக்க. சி-யில 38 ஜிபி, டி-யில அதே 38 ஜிபி. ஒண்ணொண்ணா டிக் அடிச்சுப் பார்த்தேன், ஒரு படம்கூட வித்தியாசம் இல்ல."

"அப்பா... எதைப்பா அழிச்சீங்க?"

"டி-யில இருந்ததைத்தான். ஆனா ஒரு விஷயம்டா, சி-யில இருந்ததும் தானா போயிடுச்சு. வைரஸா இருக்கும்."

உள்ளேயிருந்து அம்மா, "வளைகாப்பு போட்டோவும் போச்சாடா?" என்றார். நான் பதில் சொல்லாமல் ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். தணிக்கைக்காரர் எந்த வவுச்சரையும் கிழித்துப் போடமாட்டார் போலிருக்கிறது. எல்லாம் அப்படியே இருந்தது. ரீஸ்டோர் கொடுத்து, பச்சைப் பட்டை நகர நகர இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

அப்புறம் அப்பாவை உட்காரவைத்து விளக்கினேன். "ஊர்ல நம்ம வீட்டுக்கு முன்வாசல், கொல்லைவாசல் ரெண்டும் இருக்குல்லப்பா? எந்தப் பக்கமா போய் அண்டாவைத் தூக்கினாலும் அண்டா ஒண்ணுதான்." அவருக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. "அப்ப டி-யில இருக்கறதுதான் அசல்" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மதியம் ஆபீசில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். படங்கள் எதுவும் ஏறவில்லையாம், ஃபோல்டர் இருக்கிற இடமே காணோம் என்கிறதாம். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"நான் எதையும் அழிக்கலடா. இனிமே யாரும் தெரியாம அழிச்சிடக் கூடாதுன்னு டி-யில இருக்கற ஃபோல்டருக்குப் பேரை மட்டும் மாத்தி வச்சேன். 'அசல், தொடாதே'ன்னு."