இந்தோனேசியன், ஐந்தாவது மாதம்: தம்பியின் முதலாளி முதலாளியின் தம்பியான கதை

மூன்று வாரமாக நானும் என் ஜோக்ஜாகர்த்தா நண்பரும் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். போன ஞாயிறு வீடியோ காலில்தான் குட்டு உடைந்தது. என் தம்பியின் முதலாளி ஒரு சிடுமூஞ்சி. அவரைப் பற்றி வாராவாரம் 'அடிக் பொஸ் ஸாயா' என்று புலம்பியிருக்கிறேன். அதற்கு 'என் முதலாளியின் தம்பி' என்று பொருள். "உங்க முதலாளியோட தம்பி எதுக்கு உங்க தம்பிக்கு லீவு தரணும்?" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. 'பொஸ் அடிக் ஸாயா' என்றிருக்க வேண்டும்.

உடைமை எல்லாம் முதல் மாதமே முடித்த பாடம் என்று இறுமாந்திருந்தேன். வேற்றுமை உருபு இல்லை, பொருள் முன்னால், உடையவர் பின்னால், 'ருமாஹ் ஸாயா' என்றால் என் வீடு. இரண்டு சொல் வரை பிசகவே இல்லை. மூன்றாவது சொல் வந்ததும் ஸாயாவை மட்டும் ஒழுங்காகக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, தம்பியையும் முதலாளியையும் தமிழ் வரிசையிலேயே விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். தமிழில் முழுசாக நினைத்து, உருபுகளை உதிர்த்துவிட்டு, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிப்பது. என், தம்பி, புது, முதலாளி. திருப்பினால் 'பொஸ் பாரு அடிக் ஸாயா'. அச்சு அசலாக வருகிறது! 'இந்த என் புதுப் புத்தகம்' கூட 'புக்கு பாரு ஸாயா இனி' என்று கண்ணாடியில் பார்த்த மாதிரி விழுகிறது. எண் வந்தால் மட்டும் கண்ணாடி உடையும். என் இரண்டு தம்பிகள் 'துவா அடிக் ஸாயா'தான். 'துவா' முன்னாலேயே நிற்கும், திருப்பக் கூடாது. இதற்கு மட்டும் அட்டை அட்டையாக எழுதி மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

'புஞா' தந்த தொல்லை தனி. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் சித்தப்பா சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது 'ஸாயா புஞா புக்கு', அதாவது என்னுடைய புத்தகம். அவர் பேசுவது கடைவீதி மலாய். ஜோக்ஜா நண்பர் காதில் அதுவே 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்று விழுகிறது. 'என் புத்தகம் காணோம்' என்று நான் ஆரம்பித்தால், புத்தகம் வைத்திருக்கிறேன் என்று கேட்டுத் தலையாட்டுகிறார். 'இது என்னுடையது' என்பதற்கு 'இனி புஞா ஸாயா', அங்கே உடையவர் பின்னால். சித்தப்பாவிடம் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்தோனேசியாவிலேயே பப்புவாவில் 'ஸா பு ருமாஹ்', அம்போனில் 'பெத்தா புங் ருமாஹ்', மனாடோவில் 'கித்தா பே ருமாஹ்' என்று உடையவரை முன்னால் வைத்துத்தான் பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். மனாடோவில் 'கித்தா' என்றால் நான்! பாடப்புத்தக இந்தோனேசியனில் அது கேட்பவரையும் சேர்த்த 'நாம்'. நல்லவேளை, 'ருமாஹ் கித்தா', 'ருமாஹ் காமி' இரண்டுக்கும் நம் வீடு, எங்கள் வீடு என்று தமிழிலேயே தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலம் வழியே படிப்பவர்கள் அங்கே முட்டிக்கொள்ளட்டும்.

சரி, இன்னும் தோற்றுக்கொண்டிருக்கும் இடம் '-ஞா'. தமிழில் எழுதினால் உச்சரிப்பு அப்படியே வந்துவிடும், அந்தச் சுகம் ஒன்றுதான். 'ருமாஹ்ஞா' என்றால் அவன், அவள், அவர் யாருடைய வீடாகவும் இருக்கலாம். ஆனால் நண்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'கோப்பிஞா ஏனாக்' என்றார். "யாருடைய காபி?" என்று கேட்டேன். கப்பைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். 'இந்தக் காபி நல்லாயிருக்கு' என்பதுதான் விஷயம், அதில் உடையவரே கிடையாது. 'நாமாஞா ஸியாப்பா?' என்பதும் 'அவர் பெயர் என்ன' என்பதோடு நிற்காமல், எதிரில் இருப்பவரிடம் மரியாதையாக 'பேரு என்ன?' என்று கேட்பதாகவும் வரும். போதாக்குறைக்கு 'பூடியின் வீடு' என்பதை புத்தகத்தில் 'ருமாஹ் பூடி' என்று படித்தேன், நண்பர் 'ருமாஹ்ஞா பூடி' என்கிறார். ஜாவா மொழியின் 'ஓமாஹே பூடி' பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும்.

'நீ' என்பதை அவர் தொடவே மாட்டார். என்னை 'மாஸ்' என்பார், அண்ணன் என்ற பொருளில். 'ருமாஹ் மாஸ் தி மானா?' என்று கேட்டபோது, எங்கள் ஊரில் "அண்ணனுக்கு வீடு எங்க?" என்று கேட்பதுபோலவே இருந்தது.

அகராதிக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கேபிபிஐ என்ற இந்தோனேசியப் பேரகராதி போதும். விளக்கமும் இந்தோனேசியனிலேயே இருப்பதால் ஒரு சொல்லுக்குப் போய் நாலு சொல் கற்றுக்கொண்டு வருகிறேன். ஆசைப்பட்டு வாங்கிய பழைய இலக்கணப் புத்தகத்தில் 16 பக்கம் இல்லை. எந்தப் பக்கங்கள்? உடைமைப் பாடம்தான்.

'-ஞா' நோட்டில் இன்னும் வகை பிரிக்காத வாக்கியங்கள் 31 கிடக்கின்றன. ஆனால் கை அதற்குள் 'பெர்-' பக்கம் போய்விட்டது. 'பெர்கூமிஸ்' என்றால் மீசைக்காரர், 'பெர்காச்சமாத்தா' என்றால் கண்ணாடிக்காரர். நேற்று ராத்திரி இதற்கே 20 அட்டை எழுதிவிட்டேன். தம்பியின் முதலாளிக்கு மீசையும் உண்டு, கண்ணாடியும் உண்டு.