கிவி பழசா, செவி பழசா?

2025-இல் கமல்ஹாசன் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று சொல்லப்போய்க் கர்நாடகத்தில் கிளம்பிய சண்டை, மட்டக்களப்பில் எங்கள் வீட்டு விறாந்தை வரைக்கும் வந்துவிட்டது. மச்சானுக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் பால் என்கிறோம், கன்னடக்காரன் ஹாலு என்கிறான், புலியை ஹுலி என்கிறான், எங்களிடம் எடுத்துக் கெடுத்துவிட்டான், மறுகா என்ன ஆராய்ச்சி?

ப-வில் அவர் பக்கம் நியாயம் உண்டு. பழங்கன்னடக் கல்வெட்டுகளிலேயே ப-தான் இருக்கிறது, ஹ பிறகு வந்தது. ஆனால் செவிக்குக் கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி. சேரி அங்கே கேரி. இங்கே மாறியது யார்? இ, எ வரும் இடத்தில் க நழுவி ச ஆவது உலகத்தில் பல மொழிகளில் நடந்திருக்கிறது, ச திரும்பிக் க ஆவது அபூர்வம். அதனால் இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூலமொழியில் க இருந்தது, மாறினது நாங்கள்தான் என்று மொழியியலாளர்கள் முடிவு கட்டுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். எல்லாக் க-வும் ச ஆகவில்லையே, கிழங்கைச் சிழங்கு என்றா சந்தையில் கேட்கிறோம்? கிழங்கு, கிணறு, கிளி, கெடு என்று வரிசையாக எழுதிப் பாருங்கள், க-வுக்கு அடுத்து நிற்பது ழ, ண, ள, ட, எல்லாம் நாக்கை மடித்துச் சொல்கிற ஒலி. அந்த ஒலி பக்கத்தில் இருந்தால் க அசையவில்லை. கீரை, கீறு என்று முரண்டு பிடிக்கிற சொற்களும் இருக்கின்றன, அவற்றுக்கு வேறு விளக்கம் தேட வேண்டும். ஆக, சொற்கள் ஒரே மாதிரி ஒலிப்பதை வைத்து இவர்கள் உறவு சொல்வதில்லை, வித்தியாசம் ஒழுங்காக வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

சரி, யாரும் எழுதிவைக்காத ஒலியை இப்படிக் கண்டுபிடித்தால் நம்பலாமா? 1870களின் கடைசியில் சசூர் என்ற 21 வயதுப் பொடியன், இந்தி, ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கெல்லாம் மூத்த இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இப்போது எங்குமே இல்லாத சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே சொன்னார். பிறகு துருக்கியில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹிட்டைட் என்ற பழைய மொழி படிக்கக் கிடைத்தது. 1927-இல் குரிலோவிச் என்ற மொழியியலாளர் காட்டினார், சசூர் சொன்ன ஒலிகளில் சில அதில் அதே இடங்களில் நிற்கின்றன!

திராவிட மூலமொழிக்கு அப்படி ஒரு பலகை இல்லை. அதனால்தான் கோண்டி, குடுக் மாதிரி நெடுங்காலம் எழுத்தில்லாமல் கிடந்த திராவிட மொழிகளுக்கு இவ்வளவு மதிப்பு. ஆறு என்ற எண்ணுக்குக் கோண்டியில் சாருங் என்கிறார்கள், முன்னால் இருந்த ச-வைத் தொலைத்தது தமிழ். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இப்போது இணையத்தில் சும்மா கிடக்கிறது, மச்சானுக்கு இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.