வாக்கில்லாதவரின் தேர்தல் கணக்கு

2022 மே 21, சனிக்கிழமை பின்னேரம். அவுஸ்திரேலியப் பிரஜாவுரிமை எடுத்தபிறகு நான் போடப்போகும் முதல் வாக்கு. மேற்கு சிட்னியில் ஒரு ஆரம்பப் பாடசாலை வளவுக்குள் வரிசையில் நிற்கிறேன். ஒரு மூலையில் சோசேஜ் வாட்டி, வதக்கிய வெங்காயத்தோடு பாணுக்குள் வைத்து விற்கிறார்கள். இங்கே தேர்தல் என்றால் அந்த மணம் இல்லாமல் இல்லை.

எனக்கு முன்னால் நின்ற வயதான வெள்ளைக்காரத் தம்பதியோடு நல்ல கதை. எந்த நாடு என்று கேட்டார்கள், இலங்கை என்றேன். கண்டிக்கு வந்திருக்கிறார்களாம், தேத்தண்ணி பிரமாதமாம். அந்த நேரம் பார்த்து மனிசியின் போன் சத்தம் போட்டது. சட்டவிரோதப் படகொன்றை எல்லைப் படை மறித்துவிட்டது, எல்லையைக் காக்க இன்றைக்கு எங்களுக்கே வாக்களியுங்கள் என்று ஆளும் கட்சியிடமிருந்து மெசேஜ். "படகு எங்கேயிருந்தாம்?" என்று கேட்டார் மனிசன். மனிசி செய்தியைத் தேடி வாசித்தார். "இலங்கையிலிருந்து." பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு மழை வராது போல என்றார்கள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருக்கென்றது.

அந்த மே மாதம் இலங்கையில் எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அம்மா போனில் விறகு அடுக்கிய கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வரிசைகளிலிருந்து தப்பிப் படகேறிய யாரோ சிலர், இங்கே வாக்குப்போட நிற்கும் வரிசையில் துண்டுப்பிரசுரம் ஆகிவிட்டார்கள். தேர்தல் முடிந்து புது அரசாங்கம் விசாரித்தபோது, அந்த அறிவிப்பை உடனே வெளியிடச் சொல்லி அதிகாரிகளுக்கு அமைச்சர் அலுவலகத்திலிருந்து நெருக்குதல் வந்தது தெரியவந்தது. கடலில் அந்த நடவடிக்கையே அப்போது முடிந்திருக்கவில்லை. வந்தவர்களைச் சில நாட்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெசேஜ் அனுப்பிய கட்சி தோற்றது வேறு கதை.

படகை வைத்து வாக்குக் கேட்பது இங்கே புதிதில்லை. 2001 ஓகஸ்டில் டாம்பா என்ற நோர்வேக் கப்பல் கடலில் காப்பாற்றிய 433 பேரை இறங்கவிடாமல் மறித்தார்கள். நவம்பரில் நடந்த தேர்தலில் பிரதமர் ஜோன் ஹவார்ட் மறுபடி வென்றார். இந்த நாட்டுக்குள் யார் வருவது என்பதை நாங்கள்தான் தீர்மானிப்போம் என்ற அவருடைய பேச்சை இன்றைக்கும் ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2013 செப்டெம்பர் 7இல் டோனி அபொட் படகுகளை நிறுத்துவேன் என்று சொல்லியே ஆட்சிக்கு வந்தார். அவருடைய குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொரிசன் பிற்பாடு பிரதமரானபோது, படகு வடிவத்தில் ஒரு நினைவுச்சின்னம் அவருடைய அலுவலகத்தில் இருந்தது. 'இவற்றை நிறுத்தியவன் நான்' என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் வீடுகளில் கரப்பந்தாட்டக் கிண்ணத்தைக் கண்ணாடி அலுமாரியில் வைப்பது போல.

அதே 2013 செப்டெம்பரில், அபொட் வென்று இரண்டு கிழமையில், நான் யாழ்ப்பாணத்தில் வடமாகாண சபைத் தேர்தலுக்கு வாக்குப் போட்டேன். 2005 ஜனாதிபதித் தேர்தல் நாளில் எங்கள் ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. புறக்கணிக்கச் சொல்லியாயிற்று, யார் போவார்கள்? அதை நினைத்து அப்பா 2013இல் விடியவே வேட்டி கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். வெளிக்கிட முதல் என்னைத் தட்டி எழுப்பிய விதம் பரீட்சைக்கு எழுப்பியது மாதிரி. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30 எடுத்த தேர்தல் அது. சின்னவிரல் மையைக் காட்டாத ஆள் அன்றைக்கு ஊரில் இல்லை. இங்கே மை கிடையாது. பெயரைக் கேட்டு, பட்டியலில் ஒரு கோடு இழுத்து, கடதாசியைக் கையில் தருவார்கள். வீட்டுக்கு வந்து விரலைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது.

சரி, சொல்ல வந்தது அண்ணையைப் பற்றி.

தொழில் தகைமைக்குக் கொடுக்கிற ஸ்கில்ட் விசாவில் வந்த புதிதில் மேற்கு சிட்னியின் பெண்டில் ஹில்லில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். பக்கத்து அறையில் அவர். முல்லைத்தீவுப் பக்கம். 2012 கடைசியில் படகில் வந்தவர். அந்த வருடம் ஓகஸ்ட் 13க்குப் பிறகு படகில் வந்தவர்களைத் தனியாகப் பிரித்து, அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை மாதிரி ஒன்றை விரைவாக முடித்து, மறுபரிசீலனையையும் பெரும்பாலும் கடதாசியை வைத்தே செய்தார்கள். அண்ணையின் வழக்கு அதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசா. அது முடியும், மறுபடி எழுதிப் போடுவார், வரும்வரைக்கும் வேலை கொடுக்கிறவருக்குச் சமாதானம் சொல்வார். வரி மட்டும் ஒழுங்காகப் போகும்.

வாக்கு இல்லாத இந்த மனிசனைப் போல அவுஸ்திரேலியத் தேர்தலைக் கரைத்துக் குடித்த ஒருவரை நான் கண்டதில்லை. எந்தத் தொகுதி எத்தனை வீத வித்தியாசத்தில் தொங்குகிறது, எந்தச் சிறு கட்சியின் விருப்பு வாக்கு யாருக்குப் பாயும், எல்லாம் நாக்கு நுனியில். வாக்குச்சீட்டு நிரப்ப எனக்குப் பழக்கிவிட்டதும் அவர்தான். "தம்பி, கீழ்ச்சபைக்கான பச்சைக் கடதாசியில ஒரு பெட்டியும் விடக்கூடாது, எல்லாத்துக்கும் இலக்கம் போடோணும். மேல்சபை செனற்காரன்ர வெள்ளைக் கடதாசி மேசை நீளத்துக்கு இருக்கும், பயப்பிடாத, கோட்டுக்கு மேல ஆறு பெட்டிக்கு இலக்கம் போட்டாக் காணும்." ஊரில் கட்சிக்கு ஒரு புள்ளடி, மூன்று பேருக்கு விருப்பு இலக்கம் என்று பழகிய எனக்கு அது தலை சுற்றியது. போகாமல் விட்டால் 20 டொலர் தண்டம் என்று வெருட்டியும் வைத்தார். வாக்குப்போடாவிட்டால் தண்டம் அடிக்கிற நாட்டில், போட ஆசைப்படுகிற ஒருவர் எனக்குச் சமையலறையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் எண்ணப்படுவது அவருடைய விசா.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த மெசேஜ் அனுப்பியவர்களைவிட எங்கள் ஆட்கள் சிலர் மேல். கோயில் வாசலில் ஒரு மாமாவைச் சந்திப்பேன், 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர், நல்ல மனிசன், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு அனுப்பத் தவறுவதில்லை. "நாங்கள் பிளேனில முறையா வந்தனாங்கள், உவங்கள் படகில வந்து எங்கட பேரையும் கெடுக்கிறாங்கள்" என்பார். பிளேனில் வந்து விசா முடிந்தும் நின்றுவிட்டவர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தக் கட்சியும் தேர்தல் நாளில் மெசேஜ் அனுப்பாது. மாமாவுக்கு அதைச் சொன்னேன். "அது வேற, தம்பி" என்றார். எப்படி வேறு என்று கேட்பதற்குள் பூசை மணி அடித்துவிட்டது.

பிலோயீலாவில் நடந்ததை அண்ணைதான் விடாமல் சொல்வார். குயின்ஸ்லாந்தின் உள்நாட்டில் சின்ன ஊர், பழமைவாதக் கட்சிக்கே வாக்களிக்கிற இடம். படகில் வந்து அங்கே குடியிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கிறிஸ்மஸ் தீவில் வைத்திருந்தார்கள். எல்லையைப் பூட்டு என்று வாக்குப்போடுகிற அதே சனம், அந்தக் குடும்பத்தை மட்டும் திருப்பித் தா என்று வருடக்கணக்கில் நின்றது. ஆட்சி மாறிய அடுத்த மாதமே, 2022 ஜூனில், அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். "பக்கத்து வீட்டில இருந்தா மனிசன், கடலில நிண்டா படகு" என்பார் அண்ணை. அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்வார், சிரித்துக்கொண்டே.

2023இல் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தரமாக நிற்க வழி திறந்தது. சுமார் 19,000 பேர். என்னோடு வேலை செய்த ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் காணாத மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். வழக்கு விழுந்தவர்களுக்கு அது இல்லை, அண்ணை அப்படியேதான்.

2025 மே தேர்தலில் படகு பெரிதாகப் பேசப்படவில்லை. வீட்டு வாடகை, விலைவாசி, வந்து குவிகிறவர்களின் தொகை, மாணவர் விசா என்று பேச்சு மாறியிருந்தது. மாமாவுக்கு அதுதான் கொதி. வானொலியில் ஒருவர், குடியேறிகளால்தான் வீடு கிடைக்கவில்லை என்று சொல்லக் கேட்டுவிட்டு, "நாற்பது வரியமா நிக்கிறன், என்னையும் சேர்த்தெல்லே சொல்லுறான்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கணக்கில் அதுவும் வேறாகத்தான் இருக்கவேண்டும். நான் கேட்கவில்லை.

அன்றிரவு முடிவு பார்க்க அண்ணை வீட்டுக்குப் போனேன். இப்போது நான் வேறு இடத்தில் குடும்பமாக இருக்கிறேன், இங்கேயே வேர்விட்டுவிட்டேன் என்று ஆட்களிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தேர்தல் இரவென்றால் ஏனோ அப்பாவின் வேட்டிதான் ஞாபகம் வருகிறது, வீட்டில் இருக்க முடிவதில்லை. ஏபிசி தொலைக்காட்சியில் தேர்தல் ஆய்வாளர் அன்டனி கிறீன் வழக்கம்போல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், அதுதான் அவருடைய கடைசித் தேர்தல் இரவு. 2022இல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி மறுபடி வென்றுவிட்டது என்று தெரிந்ததும் நான் அண்ணையைப் பார்த்தேன், இனி ஏதும் நடக்குமா என்று கேட்க.

அவருக்குக் கவலை வேறு. "அந்த மனிசனும் ஓய்வெடுத்தா, அடுத்த முறை ஆர் தம்பி எங்களுக்கு வடிவா விளங்கப்படுத்துவினம்?" என்றார்.