மார்க் ப்ரையருக்கு எங்கேதான் வலித்தது?

இருபது வருஷத்துக்கு மேலாகியும் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி மேல் எனக்கு ஒரு கோபம் தீரவே இல்லை. 2003-ல் அவர்களுடைய பிட்சர், அதாவது பந்து வீசுபவர், மார்க் ப்ரையர் 18 வெற்றி, 6 தோல்வி, 245 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்டாக்கியது). அந்த செப்டம்பரில்தான் 23 வயது முடிந்திருந்தது. அடுத்த மார்ச்சில் ஆளைக் காணோம். கேட்டால், வலது குதிகால் தசைநாரில் வீக்கம் என்றார்கள். சரி, வீக்கம்தானே, ஏப்ரலில் வந்துவிடுவார் என்று நினைத்தால், ஏப்ரலும் போய் மேயும் போய் ஜூன் 4-ம் தேதிதான் பந்து வீச வந்தார்.

நடுவில் முழங்கையிலும் வலியாம் என்று பேச்சு கிளம்பியது. வலது கை பிட்சர் உந்தித் தள்ளுவதே வலது காலால்தான். அந்தக் கால் சரியில்லை என்றால் கை கூடுதலாக இழுத்துக் கொடுக்க வேண்டும், அல்லது கைதான் முதலில் கெட்டதோ என்னவோ. இதைப் பற்றி வாயைத் திறக்காமல் குதிகால், குதிகால் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எவன் நம்புவான்?

2005 மே மாதம் எதிரணி வீரர் பிராட் ஹாப் அடித்த பந்து நேராக வந்து அவர் முழங்கையில் பட்டு எலும்பில் விரிசல். அந்த ஒன்றைத்தான் நான் மறுபேச்சில்லாமல் நம்பினேன், ஏனென்றால் கண்ணால் பார்த்தேன். 2006-ல் தோள். ஜூனில் திரும்பி வந்தார், அப்புறம் விலாப் பக்கத் தசை, அப்புறம் மறுபடி தோள். மொத்தம் 9 ஆட்டம், 1 வெற்றி, 6 தோல்வி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 7.21. ஆகஸ்ட் 10 அன்று வீசியதுதான் மேஜர் லீகில் அவர் வீசிய கடைசி ஆட்டம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் காட்டினார்கள். வீக்கம், இறுக்கம், அசௌகரியம். இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டிவிடலாம் போலிருக்கிறது.

எனக்கு ஆறாதது 2007. ஸ்கேனில் பெரிய சேதம் எதுவும் தெரியவில்லை என்று அவரை அயோவாவில் இருந்த கப்ஸின் கீழ்நிலை அணிக்கு, மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். உடனே ஊரெல்லாம் ஒரு முணுமுணுப்பு: உடம்பில் ஒன்றுமில்லை, மனசில்தான் கோளாறு, பையன் வலி தாங்கமாட்டான். ஏப்ரலில் விளையாட்டு வீரர்களுக்கு அறுவைசிகிச்சை செய்யும் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தோளுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். லேப்ரமும் (தோள் மூட்டின் குருத்தெலும்பு விளிம்பு) போயிருந்தது, ரொட்டேட்டர் கஃபும் (தோளைப் பிடித்திருக்கும் தசைநார்கள்) போயிருந்தது. இரண்டையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதுவரை 'மனசில்தான்' என்றவர்களில் ஒருத்தராவது மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும்கூட ஒரு வாரம் அப்படி நினைத்தவன்தான்.

2003-ல் கப்ஸ் மேனேஜர் டஸ்டி பேக்கர் அவரைப் போட்டு அரைத்ததுதான் காரணம் என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்த அக்டோபரில் மார்லின்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மட்டும் 119 பந்து. காரணம் அதுவாகவும் இருக்கலாம், அந்த வருஷம் ஜூலையில் எதிரணி வீரர் மார்கஸ் ஜைல்ஸ் மேல் மோதித் தோளில் விழுந்ததாகவும் இருக்கலாம்.

ப்ரையர் 2020-லிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சிங் கோச். அங்கேயும் பிட்சர்கள் மாதக்கணக்கில் காணாமல் போகிறார்கள். 2025-ல் அவர்கள் பிட்சர் டைலர் கிளாஸ்னோ தோள் வீக்கம் என்று ஏப்ரல் கடைசியில் போனவர், ஜூலையில்தான் வந்தார். வீக்கம் என்ற வார்த்தையைக் கேட்டபோது ப்ரையர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.